நகராத சைக்கிளில் தெல்தோட்டை ஏத்தம்

“கைரியா அக்கா! அது சைக்கிளா, இல்ல வீட்டுக் கதிரையா? சாய்ஞ்சு உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கப் போறீங்களா?”

பிரேமிளா டீச்சர் மைக்கில் கத்தினாள். வகுப்பே சிரித்தது.

அவள் குரல் அப்படி. “வேகத்தைக் கூட்டுங்க!” என்று ஒரு சத்தம் போட்டால், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் போகிற பஸ்ஸும் கியர் மாற்றும். செருப்புக் கடைக்கு மேல்மாடியில், ஓர் அடிகூட நகராத சைக்கிள்களில் பெண்களை ஏற்றிவைத்து, கண்டிச் சீமை முழுவதையும் சுற்றிக்காட்டிவிடுவாள்.

“கலஹா டவுன் தாண்டியாச்சு! இனி தெல்தோட்டை ஏத்தம். குமிழை ஒரு சுத்து இறுக்குங்க. மிதி கனக்குதா? கனக்கணும்! முன்னுக்கு கொழுந்து லொறி போகுது. டிரைவர் கண்ணாடியில நம்மளப் பார்த்துச் சிரிக்கிறான். விடலாமா?”

“விட ஏலா!”

அந்த லொறியைப் பிடிக்க மிதித்த மிதியில், கட்டடமே ஓர் அங்குலம் கம்பளைப் பக்கம் நகர்ந்திருக்கும். நதாகூட எழும்பி நின்று மிதித்தாள்.

நதாவுக்கு வேறு வழியில்லை. “ரத்தத்துல சீனி ஏறிக்கிட்டே போகுது. இனியும் உடம்பை அசைக்காட்டி ஊசிதான்” என்று டொக்டர் சொல்லிவிட்டார். இதற்கு முன் சேர்ந்த உடற்பயிற்சி வகுப்புகளிலெல்லாம் பாதியில் நின்றுவிட்டவள் அவள். எங்கே போனாலும் சுவரில் ஒரு திரை. யார் எவ்வளவு தூரம் ஓடினார்கள் என்று பெயர் போட்டுக் காட்டும். கடைசிப் பெயர் நதா. அந்த வெட்கத்தில் அடுத்த வாரம் அந்தப் பக்கமே போகமாட்டாள்.

இங்கே அது முதல் நாளோடு சரி. அதன் பிறகு கடைசிப் பெயர் எப்போதும் கைரியா.

அதற்காக ஒரு மனுசியை இப்படியா ஏசுவது?

“அக்கா, அந்த லொறி கொழுந்தை இறக்கி, தேயிலையாக்கி, கொழும்புக்கும் அனுப்பியாச்சு. நீங்க இன்னும் பேராதனையில!”

“எனக்கு ஏலா மகள்,” என்று மூச்சு வாங்கினார் கைரியா.

மறுபடியும் சிரிப்பு. நதா மட்டும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்து பாட்டு நின்றதும், “பஸ் போயிடும்!” என்று துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, கைரியா படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கிப் போனார். மற்றவர்களும் கிளம்பினார்கள். நதா நின்றாள்.

“டீச்சர், வயசுக்கு மூத்த ஒராள அத்தன பேருக்கு முன்னுக்கு இப்பிடியா ஏசுறது?”

“வகுப்புன்னா கலகலப்பு வேணுமில்லீங்களா?”

“கலகலப்பு ஒங்களுக்கு. அவங்களுக்கு? கடைசியா வாறவங்கட மனசு எனக்குத் தெரியும். நீங்க அவங்கக்கிட்ட மன்னிப்புக் கேக்காட்டி, நான் இனி வர மாட்டேன்.”

பிரேமிளா அசரவில்லை. “வருவீங்க. உங்க காலுக்கு இப்பத்தான் தெம்பு வந்திருக்கு.”

இந்தத் திமிரைக் கேட்டதும் நதாவுக்குக் கோபம் இன்னும் ஏறியது. கைரியாவின் சைக்கிளைப் பார்த்தாள். படியில் அந்தத் தாவல் தாவுகிறவருக்கு இதில் மட்டும் என்ன வந்தது? ஏறி உட்கார்ந்து மிதித்தாள்.

மிதி அசையவில்லை.

எழும்பி நின்று, முழு உடம்பையும் போட்டு மிதித்தாள். ம்ஹூம்.

“அல்லாஹ்வே! ஒடைஞ்ச சைக்கிளக் குடுத்துட்டா அந்த மனுசிய ஏசுறீங்க? ஷிராஸ் நானா! மேல வாங்க!”

கீழே செருப்புக் கடையில் இருந்த ஷிராஸ் ஓடி வந்தார். மாடியும் சைக்கிள்களும் அவருடையவைதான். குனிந்து குமிழைப் பிடித்துத் தளர்த்தினார். சுத்தினார். சுத்தினார். சுத்திக்கொண்டே இருந்தார். பிறகு மிதியை ஒரு விரலால் தட்டினார். சக்கரம் விர்ரென்று பறந்தது.

“சைக்கிள் நல்லாத்தானே இரிக்கி! குமிழக் கடைசி வரைக்கும் இறுக்கி வச்சிரிக்காங்க. இப்பிடி இறுக்கினா, இத மிதிக்க பெரஹரா ஊர்வலத்து யானதான் வரணும்.”

“யானை இல்லீங்க நானா, கைரியா அக்கா,” என்றாள் பிரேமிளா. “நாம சமதரையில போற நேரத்துலயும் அவங்க மலை ஏறுறாங்க. திரை சக்கரம் சுத்துறதத்தான் எண்ணும், கனத்தை எண்ணாது. குமிழைத் தளர்த்திட்டாங்கன்னா இங்க ஒருத்தரும் அவங்க கிட்ட நெருங்க முடியாது.”

நதா இறங்கினாள். “பொறகு ஏன்?”

“மொத நாளு கடைசியில உங்க பேரைப் பார்த்ததும் உங்க முகமே செத்துப்போச்சு. கழட்டின சப்பாத்தைப் பையில திணிச்ச விதத்துலயே தெரிஞ்சிச்சு, இவங்க இனி வரமாட்டாங்கன்னு. நான் எவ்வளவு நல்லாச் சொல்லிக் குடுத்தும் என்னங்க, ஆள் வந்தாத்தானே? அக்காவும் பார்த்துக்கிட்டுதான் இருந்தாங்க. அடுத்த வகுப்புல இருந்து அவங்கதான் கடைசி.”

நதா திரையைப் பார்த்தாள்.

“சரி, எனக்காகத்தான் கடைசியா வாறாங்க. அப்பிடிப்பட்டவங்கள ஏசுறதுக்கு ஒங்களுக்கு எப்பிடி மனசு வந்திச்சு?”

பிரேமிளா வாயைத் திறப்பதற்குள் அவளுடைய போன் சிணுங்கியது. வொய்ஸ் மெசேஜ். அழுத்திவிட்டு நதாவின் பக்கம் நீட்டினாள்.

பஸ் இரைச்சலுக்கு நடுவே கைரியாவின் குரல்:

“பிரேமிளா, இண்டைக்கு ஏச்சுக் காணாது மகள்! அந்தப் புள்ள சிரிக்கவே இல்ல. அடுத்த வகுப்புல இன்னும் கொஞ்சம் ஒறப்பா ஏசுங்க.”