ஐந்து நாள் மௌனத் தியானம்

கொடைக்கானலிலிருந்து வரும் பஸ்ஸில் செம்பட்டியில் ஏறியதும் ஐரின் டீச்சர் செய்த முதல் காரியம், பையிலிருந்த ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டதுதான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. பக்கத்து சீட்டுக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் கணவர் ஆண்டனிராஜ் நம்பினால் போதும்.

அவரைப் பொறுத்தவரை ஐரின் ஐந்து நாளாகக் கொடைக்கானலில் மௌனத் தியானத்தில் இருக்கிறாள். அங்கே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், வாய் திறக்கக் கூடாது, திரும்பி வந்தபின் என்ன வேண்டினாய் என்று யாரும் கேட்கவும் கூடாது. வருஷா வருஷம் தவக்காலத்தில் ஆண்கள் தியானத்துக்குப் போய்வருகிற ஆண்டனிராஜ் சொல்லித்தான் இந்த வசதியெல்லாம் அவளுக்குத் தெரியும்.

உண்மையில் அவள் போனது பாங்காக். ஆறு பேர் படுக்கும் அறையில் மேல்கட்டிலில் இரண்டு நாள், பிறகு கோ சமேட் தீவில் ஒரு மூங்கில் குடிசையில் இரண்டு நாள். துணைக்கு யாரும் இல்லை, சாப்பாடு முழுக்கத் தள்ளுவண்டியில்தான். நாளைக்கு யாருக்கு என்ன குழம்பு, என்ன வெஞ்சனம் என்று யோசிக்காமல் ஐம்பத்து மூன்று வயதில் முதன்முதலாகக் கடற்கரையில் உட்கார்ந்தபோது, அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

படகுத்துறையில் வாழைப்பழ ரொட்டி சுட்ட தாய்லாந்துக்காரன்தான் அவளைத் திடுக்கிட வைத்தான். "இந்தியா?" என்று கேட்டுவிட்டு, பல்லெல்லாம் தெரிய, "சாப்டியா அப்பு?" என்றான். நம் பக்கத்து ஆள் எவனோ இங்கேயும் வந்து வேலையைக் காட்டியிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டாள்.

கணவரிடம் சொல்லிவிட்டே போயிருக்கலாம். ஆனால் அவர் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டினாலே "எதுக்கு வீண் அலைச்சல்?" என்கிற மனுஷன். புனித பூமிக்குப் போகலாம் என்று இருவரும் எடுத்த பாஸ்போர்ட், அந்தப் பயணம் நின்றுபோனதிலிருந்து பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்தால் அவளுடையது நேராக அவருடைய பெயிண்ட் கடைப் பெட்டிக்குள் போய்விடும். அப்புறம் அடுத்த வருஷம் தியானமும் கிடையாது, தீவும் கிடையாது.

அதற்குத்தான் இத்தனை கூத்தும். திருச்சியில் விமானம் இறங்கி திண்டுக்கல் வந்தவள், துப்பட்டாவை முக்காடு போட்டுக்கொண்டு பஸ் மாறி, செம்பட்டி வரை போய், அங்கிருந்து சொந்த ஊருக்கே திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

கொடைக்கானல் பஸ்ஸிலிருந்து அவள் இறங்குவதைப் பார்த்ததும் ஆண்டனிராஜ் பையை வாங்கிக்கொண்டார்.

"மூக்கு என்ன, தோலு உரிஞ்சிருக்கு?"

"குளிருங்க. போன வருசம் தியானம் முடிஞ்சு வந்தப்ப உங்களுக்கும் இப்பிடித்தான உரிஞ்சிருந்துச்சு?"

ஆண்டனிராஜ் சட்டைப்பையில் வண்டிச் சாவியைத் துழாவினார். "ஆமா, ஆமா. அது ஒரு மாதிரி குளிரு."

இந்தப் பதிலை விமானத்திலேயே தயார் செய்து வைத்திருந்த தன் சாமர்த்தியத்தை ஐரின் மனசுக்குள் மெச்சிக்கொண்டாள்.

வீட்டில் நாத்தனார் ரூபி சாப்பாட்டோடு காத்திருந்தாள். என்ன வேண்டினாய் என்றுதானே கேட்கக் கூடாது? ரூபி வேறு பக்கமாக வந்தாள்.

"மதினி, என்ன பிரசங்கம் வச்சாக?"

"ஆண்டவர் கடல்மேல நடந்தாருல்ல, அதப் பத்தி. என்ன கடலுங்கிற ரூபி! கண்ணாடி மாதிரி. முழங்கால் தண்ணியில நின்னாலும் கால்விரல் தெரியும். குட்டிக் குட்டி மீனு வந்து கடிக்கும். மணலு பச்சரிசி மாவு கணக்கா..."

"மலைமேல இருக்குற சாமியாருக்குக் கடலப் பத்தி இம்புட்டுத் தெரியுதா!"

ஐரின் கப்பென்று வாயை மூடிக்கொண்டாள். ஆண்டனிராஜுக்குப் புரையேறியது.

ரூபி ஒருவழியாகக் கிளம்பிப் போனாள். ஐரின் பாஸ்போர்ட்டைச் சத்தமில்லாமல் பீரோவில் பழைய இடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய், தலையிலிருந்த கடைசி மணலையும் அலசி விட்டுவிட்டு, நிம்மதியாகத் தலையைத் துவட்டிக்கொண்டே அறைக்குள் வந்தாள்.

ஆண்டனிராஜ் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கையில் அவளுடைய ஜெபப் புத்தகம். அதன் நடுவில் அடையாளத்துக்கு வைத்திருந்த நீல நிறச் சீட்டு அவர் விரல்களுக்கிடையில் இருந்தது. தீவுக்குப் போன படகுச் சீட்டு. பார்க்க அழகாக இருக்கிறதே என்று தூக்கிப்போட மனமில்லாமல் அவளே வைத்ததுதான்.

ஐந்து நாள் சாமர்த்தியமும் ஒரு துண்டுக் காகிதத்தில் போயிற்று.

"என்னங்க, அது வந்து... ரூம்ல கூட இருந்த ஒரு அம்மா, பேசிக்கிட்டு இருக்கையில குடுத்தாங்க..."

"மௌனத் தியானத்துலயா?"

ஆண்டனிராஜ் எழுந்தார். எங்கே பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுக்கப்போகிறாரோ என்று அவள் கண்ணைக் கூட இமைக்காமல் நின்றாள்.

அவர் பீரோவைத் தாண்டிப் போனார். வாசலை எட்டிப் பார்த்து, ரூபி திரும்பி வரவில்லை என்று தெரிந்துகொண்டு, கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார். உரிந்த அவள் மூக்கை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"படகுத்துறையில அந்த ரொட்டிக்காரன் 'சாப்டியா அப்பு'ன்னு கேட்டானா? நாந்தேன் சொல்லிக் குடுத்தேன்."