ஆர்வில் கொடுத்த வில்

"வேட்டைக்குப் போவியா, தம்பி?" என்று கேட்டார் டெஸ்ஸாவின் அப்பா ஆர்வில்.

"வில் வேட்டைன்னா உயிர் சார்!" புளுகினான் கார்சன். டெஸ்ஸாவைப் பெண் கேட்டு வந்திருக்கிறானே!

"இதுக்கு நாண் ஏத்து, பார்ப்போம்."

நாண் இல்லாத அந்த வில்லின் நுனிகள் முன்பக்கம் வளைந்திருந்தன. கார்சன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். வளைந்திருந்த பக்கமே இன்னும் வளைத்து, நாணை மாட்டிவிட்டான்.

ஆர்வில் முகம் தொங்கிப்போயிற்று. "இதை எதிர்ப்பக்கம் வளைச்சுல்ல நாண் ஏத்தணும்! வேட்டைக்காரன் எவனும் வில்லை இப்படித் திருப்பி வளைக்க மாட்டான். மார்லின், இங்க வா!"

சமையலறையிலிருந்து வந்த டெஸ்ஸாவின் அம்மா வில்லைப் பார்த்தாள். கார்சன் வாசலைப் பார்த்தான்.

"அக்டோபர்லயே கல்யாணத்த வச்சிடலாம்!" என்றாள் அவள்.

"மான் வேட்டை சீசன்லயா?" என்றார் ஆர்வில்.

"ஆமா. நம்ம கல்யாணமும் அக்டோபர்லதான்; கல்யாண நாள் ஒவ்வொண்ணுக்கும் நீ மானுக்காகக் காட்டுல மரத்து மேல உட்கார்ந்திருந்த, ஆர்வில். எம்பொண்ணுக்கும் அந்தக் கதி வரக் கூடாதுன்னுதானே உன்னை வில்லைக் குடுத்துப் பார்க்கச் சொன்னேன்!"