பல்லி சொல்லட்டும்

“பல்லி சொல்லாம இந்த வீட்ல ஒரு கல்யாணமும் நடக்காது!”

சொந்தக்காரர்கள் பத்துப் பேர் முன்னால் ஜெயம்மாள் இப்படிச் சொல்லிவிட்டாள். மகள் சந்தியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“நம்ம வீட்ல பல்லியே இல்லியேம்மா. ஜன்னல் பூரா கொசுவலை அடிச்சி வெச்சிருக்குது. அது எங்க இருந்து வந்து சொல்லும்?”

“அப்போ கல்யாணமும் இல்ல. பழைய வீட்ல நீ காலேஜ் சேர்ந்தது, உங்கப்பா வண்டி வாங்கனது, எல்லாம் பல்லியைக் கேட்டுத்தான். மீன் கடைக்காரனுக்கு மட்டும் கேக்காம குடுத்துடுவேனா?”

“வண்ணமீன் கடைம்மா!”

“எந்த வண்ணமா இருந்தா இன்னா?”

அப்பா உமாபதி பஸ் கண்டக்டர். ஏனாத்தூரில் புதுவீடு கட்டிக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பெண் முகம் வாடுவதைப் பார்க்கச் சகிக்காமல் வாலாஜாபாத்தில் இருக்கும் மாப்பிள்ளைப் பையனுக்கே போன் போட்டார். மறுநாளே வண்ணமீன் கடை பிரேம்நாத் ஒரு கண்ணாடித் தொட்டியோடு வந்து நின்றான். உள்ளே விரல் நீளம்கூட இல்லாத பல்லிக்குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“கிண்ணத்துல தண்ணி வெச்சா குடிக்காது அங்கிள். கண்ணாடியில தெளிங்க, நக்கிக்கும். பூச்சி அது தலையைவிடச் சின்னதா இருக்கணும். வாலை மட்டும் தொடாதீங்க, கழண்டு கையோட வந்துடும்.”

“எப்போ கத்தும்?” என்றாள் ஜெயம்மாள் சமையலறையிலிருந்தே.

“இன்னும் சின்னப்புள்ள ஆன்ட்டி. பயம் தெளியட்டும்.”

ஜெயம்மாள் அவனுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தொட்டியைக் கூடத்தின் நடுவில் வைக்கச் சொல்லி, நான்கு கண்ணாடியிலும் திசையை எழுதி ஒட்டினாள். கிழக்கில் நின்று கத்தினால் சம்மதம். தெற்கில் நின்று கத்தினால் கூடாது.

அன்றிலிருந்து உமாபதிக்கு இரண்டு டூட்டி. காலையில் தண்ணீர் தெளித்தார். குட்டி ஒளிந்துகொள்ளக் கொட்டாங்குச்சி கவிழ்த்தார். டிப்போ விளக்கடியில் பூச்சி பிடித்தார். மூடியைத் திறக்கும்போதெல்லாம் குட்டி அவர் மேல் தாவியது. தாவும்போதெல்லாம் தோஷம் போக, பெருமாள் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வரும்படி ஜெயம்மாள் துரத்தினாள். நாலாவது தடவை சீட்டு கிழிப்பவரே கேட்டார்:

“சார், உங்க வீட்ல மேல கூரையே இல்லியா?”

பிரேம்நாத் ஒருநாள் விட்டு ஒருநாள் டிபன் பாக்ஸில் குட்டிப் பூச்சிகளோடு வந்தான். குட்டியின் விரலில் தோல் உரியாமல் சிக்கியபோது, ஈரப் பஞ்சால் அரைமணி நேரம் ஒற்றி ஒற்றி எடுத்தான். ஜெயம்மாள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முதல்முறையாக, “காபிக்குச் சக்கரை எவ்ளோ?” என்று ஒரு குரல் வந்தது.

குட்டி தின்றது, குடித்தது, கொழுத்தது. வாயை மட்டும் திறக்கவில்லை.

“வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஒரு பதில் சொல்லிடுங்க. வேற எடமும் வருது” என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பூச்சி போடத் தொட்டியைத் திறந்தார் உமாபதி. குட்டியைக் காணோம். கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பார்த்தார். காலி! காலையில் தண்ணீர் தெளித்தபோது மூடியைச் சரியாக மூடவில்லையோ?

யாரிடமும் சொல்லாமல் கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, மேலண்ணத்தில் நாக்கை ஒட்டி ஒட்டி எடுத்து, “ச்சு... ச்சு... ச்சு...” என்று ஒரு மணி நேரம் பழகினார். முப்பது வருஷம் விசில் ஊதிய வாய். பல்லி மட்டும் வரவில்லை.

சாயங்காலம் ஜெயம்மாள் விளக்கேற்றி, சாமி படத்தின் முன்னால் கண்ணை மூடி நின்றாள்.

“தாயே, இந்தப் பையனுக்கே சந்தியாவைக் குடுத்துடலாமா?”

உமாபதி நாக்கை மேலண்ணத்தில் வைத்தார். வாய் உலர்ந்து ஒட்டிக்கொண்டது. திரும்பினால், பின்னால் சந்தியா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“ச்சு ச்சு ச்சு!”

“கேட்டுச்சா! கிழக்கால இருந்துதான் வந்துது!” ஜெயம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளே மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டுச் சம்மதம் சொன்னாள். கேசரி கிளற அடுப்படிக்கு ஓடினாள்.

உமாபதி மகளின் தோளைத் தட்டினார்.

“பலே! அசல் பல்லி மாதிரியே கத்தனம்மா.”

“நானா? நான் அழுதுக்கினு இருந்தேன்பா. பல்லிதானே கத்திச்சி?”

“பல்லி மத்தியானமே தொட்டியில இல்லியேம்மா!”

இருவரும் காலித் தொட்டியைப் பார்த்து விழித்துக்கொண்டு நிற்க, கரண்டியோடு வெளியே வந்தாள் ஜெயம்மாள்.

“அதை ஏன் தேடறீங்க? காலையில யாரும் இல்லாதப்போ நானே கேட்டுப் பார்த்தேன். தெக்கால நின்னுக்கினு வேணாம்னு கத்திச்சி. அதான் புடிச்சி வெளிய வுட்டுட்டு, சாயங்காலம் நானே கத்திட்டேன்.”