பிள்ளையாரின் வயிற்றுக்குள்

தண்டவாளத்தில் உருண்டு வண்டி சூளைக்குள் போய்க்கொண்டிருந்தது. அதில் தட்டுத் தட்டாகப் பிள்ளையார்கள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே தொந்தி.

அதில் எந்தப் பிள்ளையாரின் வயிற்றுக்குள் தன்னுடைய இ-சிகரெட் இருக்கிறது என்று பிரவீன்குமாருக்குத் தெரியவில்லை.

பெருவிரல் நீளம்தான் இருக்கும். பேட்டரியில் ஓடுவது. இழுத்தால் புதினா வாசனை.

அரசாங்கம் இதைத் தடை செய்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டால், மாம்பழமா புதினாவா என்று திருப்பிக் கேட்பான். தடையால் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. விலை ஏறியிருக்கிறது.

பிரவீன் புதினாக்காரன். மனைவி பூங்கோதைக்கு ஏழு மாதம். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று அவள் வயிற்றில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தான். அவனைக் கேட்டால் அது பொய்ச் சத்தியம் இல்லை. வாயில் வரும் வாசனையைப் பபுள்கம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள், பாவம்.

மதியம் அவன் வேலை செய்யும் பொம்மைக் கம்பெனியில் புகையிலை, இ-சிகரெட் இருக்கிறதா என்று சோதனை போட அதிகாரிகள் வந்தார்கள். கூடவே இரண்டு போலீஸ்.

ஜீப் சத்தம் கேட்டதும் பிரவீன் இ-சிகரெட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் பொத்திக்கொண்டான். போன வருடம் சட்டைப் பையில் புகையிலைப் பொட்டலத்தோடு மாட்டியவனை முதலாளி ராஜமாணிக்கம் அன்றைக்கே வெளியே அனுப்பினார். அதற்குப் பிறகு தொழிற்பேட்டையில் ஒரு செராமிக் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை.

எதிரே கொலுவுக்கான பிள்ளையார்கள், இன்னும் சுடாதவை, காய்ந்துகொண்டிருந்தன. அச்சில் வார்த்த பொம்மைக்கு உள்ளே வெறும் கூடுதான். காற்றுப் போக அடியில் ஒரு ஓட்டை உண்டு.

ஒன்றை எடுத்தான். சாமானை ஓட்டை வழியே உள்ளே தள்ளினான். ஆடிச் சத்தம் போடாமல் இருக்க ஈர மண்ணை அப்பி ஒட்டினான். சோதனை முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவன் போட்ட கணக்கு.

ஆண்களை எல்லாம் வாசலில் வரிசையாக நிறுத்திப் பையைத் தடவினார்கள். ஒருவரிடமும் ஒன்றும் கிடைக்கவில்லை.

பெண்களை யாரும் சோதிக்கவில்லை. அவர்கள் சும்மா நிற்பானேன் என்று காய்ந்த பிள்ளையார்களை எல்லாம் வண்டியில் அடுக்கி முடித்துவிட்டார்கள்.

ஒரு சொட்டு ஈரம் தங்கினாலே சூளைக்குள் பொம்மை வெடிக்கும். பேட்டரி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பொம்மை போனால் போகட்டும். சூளைச் சுவரில் தீயைப் பார்ப்பதற்கு ஒரு துளை இருக்கிறது. தீ சீராகும்வரை சூளைக்காரர் கலியமூர்த்தி அதில் கண்ணை வைத்தபடிதான் நிற்பார். டாக்டர் ஒரு வார்த்தை சொன்னதற்காகப் பீடியை ஒரே நாளில் விட்ட மனிதர். அந்த வைராக்கியத்தைச் சொல்லிச் சொல்லித்தான் முதலாளி மற்றவர்களைத் திட்டுவார்.

சொன்னால் பிரவீனின் வேலை போகும், கேஸும் வரும். சொல்லாவிட்டால் அவர் கண் போகும்.

சோதனைக்கு வந்தவர்கள் ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி சூளைக்குப் பக்கத்திலேயே நின்றார். சரக்கு பாண்டிச்சேரிக்குப் போக வேண்டும்.

சூளைக் கதவு சாத்தியாயிற்று. ஷிப்டு முடிந்து மணியும் அடித்தது. திட்டக்குடி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள்கூட ஓடாமல், சூளையைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்கள். இருந்த பயத்தில் பிரவீனுக்கு அது உறைக்கவில்லை.

அவன் கலியமூர்த்தியின் காதருகே போனான். இனி வீட்டுக்குப் போய்ப் பூங்கோதையிடம் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே வாயைத் திறந்தான்.

"அண்ணே, பத்த வைக்காதீங்க. பேட்டரி சிகரெட்டு, என்னுது, ஒரு புள்ளையாருக்குள்ள இருக்குது."

கலியமூர்த்தி திரும்பவில்லை. கேஸ் வால்வின் மேல் இருந்த கையை எடுக்கவும் இல்லை.

"ஒன்னுதுமா?" என்றார், உதடு அசையாமல். "என்னுது மேல் தட்டுல எங்கியோ கெடக்குது."

இன்னும் என்ன தாமதம் என்று முதலாளி குரல் கொடுத்தார்.

கலியமூர்த்தி கேஸைத் திறந்து பற்றவைத்தார். பிறகு குனிந்து, துளையில் கண்ணை வைத்தார்.