மச்சான் கொடுத்த அனலைசர்

“கொன்னுட்டேன்டி!” என்று அலறினான் வயர்லெஸ் மெக்கானிக். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. கையில் இன்னும் கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது.

கடையின் உள்ளறையிலிருந்து ஓடி வந்தாள் மனைவி. அவளுடைய அண்ணனிடம் காலையில் இரவல் வாங்கிய, சிக்னலை அளந்து காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் மேசைமேல் இருந்தது. சிக்னல் கொடுத்தால் திரையில் எழும்பி நிற்க வேண்டிய கோடு, தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது.

“என்னங்க பண்ணீங்க?”

“ரிப்பேருக்கு வந்த டாக்சிக்காரங்க ரேடியோவை இதுல நேரா சொருகிட்டேன். நடுவுல அட்டென்யுவேட்டரைப் போட மறந்துட்டேன்.”

சிக்னலின் பலத்தைக் குறைத்து அனுப்பும் அட்டென்யுவேட்டர், மேசை ஓரத்தில் சும்மா கிடந்தது.

“அவ்வளவு பவரை இது எப்படித் தாங்கும்? பட்டனை அழுத்திட்டுப் பார்க்கிறேன், கோடே இல்ல!”

அணைத்துப் போட்டான். கேபிளை மாற்றினான். வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடியும் அணைத்துப் போட்டான். கோடு அசைந்து கொடுக்கவில்லை.

இந்தக் கடையை விற்றாலும் இப்படி ஒன்று வாங்க முடியாது. மச்சானோ தெருமுனைப் பெரிய கடைக்காரர். ‘உனக்கெதுக்கு மாப்ளே தனிக்கடை, மூடிட்டு எங்கிட்ட வேலைக்கு வா’ என்று பார்க்கும்போதெல்லாம் நச்சரிப்பவர். இனி என்ன சொல்லி மறுப்பது?

“எவ்வளவு நம்பிக் குடுத்தாரு உங்கண்ணன்!” என்று புலம்பினான். இந்தத் தொழிலில் கருவி கைமாறினால், இரண்டு பேரும் நின்று ஒரு சிக்னல் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். காலையில் அவன் கேபிளை எடுத்தபோது, ‘நமக்குள்ள என்ன மாப்ளே, நீ என்ன வெளியாளா?’ என்று மச்சான் தடுத்துவிட்டார். அந்தப் பாசத்துக்கு இப்படியா கைம்மாறு செய்வது!

“ஒண்ணும் சொல்லாம திருப்பிக் குடுத்துடலாமாங்க?”

“சீ, சும்மா இரு!”

“என்ன மாப்ளே, வேலை முடிஞ்சுதா?” வாசலில் மச்சான்.

“மன்னிச்சிடுங்க மச்சான். அட்டென்யுவேட்டர் போடாம எரிச்சுட்டேன்.”

மச்சான் திட்டவில்லை. ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான்.

“ஆனது ஆகிப்போச்சு. தங்கச்சி வீட்டுக்காரன்கிட்ட பணமா கேட்கப் போறேன்? கடையை மூடிட்டு நாளையிலேர்ந்து எங்கிட்ட வந்துடு. சம்பளத்துல கழிச்சுக்கலாம்.”

என்ன மனுஷன் இவர்! அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தலையாட்டிவிட்டு ஷட்டர் சாவியைக் கையில் எடுத்தான்.

“கொஞ்சம் இருங்க.” மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டே திரை அருகே குனிந்திருந்தாள். “மூலையில பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கே, படிச்சீங்களா? சிக்னல் அளவுக்கு மீறி வந்துச்சாம், அதனால உள்ளே விடாம வழியை அடைச்சு வெச்சிருக்காம். கேபிளைக் கழட்டிட்டு ரீசெட்டை அழுத்தணுமாம்.”

பதற்றத்தில் அவன் எங்கே அதையெல்லாம் பார்த்தான்? கோடு போன துக்கத்திலேயே இருந்துவிட்டான்.

அவள் கேபிளைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவன் இந்த முறை மறக்காமல் அட்டென்யுவேட்டரை நடுவில் மாட்டி, ரேடியோவை இயக்கினான். கோடு ஜம்மென்று எழும்பி நின்றது.

“அப்பாடா! எரியவே இல்ல மச்சான்! நல்லாத்தான் இருக்கு!” அவன் சந்தோஷம் தாங்காமல் மச்சானைக் கட்டிக்கொள்ளப் போனான்.

மச்சான் திரையையே வெறித்தார். தன்னை மறந்து சொன்னார்:

“அதெப்படி? போன வாரமே நான் எரிச்சுட்டேனே!”