ஆளுக்கொரு காது

தென்னூர்க் கடையிலிருந்து ஸ்ரீரங்கம் வீட்டுக்கு இரவல் வந்த மூன்றாவது ஆம்ப்ளிஃபயர் அது. ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைத் தன் காதிலும், மறுபக்கத்தை மனைவி கோமளத்தின் இடக்காதிலும் வைத்தான் சௌரி. கன்னங்கள் உரசின. இசைத்தட்டில் தோடி.

"இது எப்படி?"

"தம்பூரா கரகரக்கறதுன்னா."

"போனதுல வயலின் கீச்சுன்னே. பாம்புச்செவிடி உனக்கு!"

அவள் சரியென்றால் சோதனை முடிந்துவிடும். மற்றபடி அவன் அவளருகே உட்கார்ந்ததே இல்லை.

மறுநாள் உற்சாகமாக வந்தான். "உனக்குத் தனி ஹெட்ஃபோன்! இனிமே இடிச்சுண்டு உட்கார வேண்டாம். ஜன்னலோரம் சௌகரியமாக் கேளு."

அவளுக்கு மாட்டிவிட்டு, தன் நாற்காலிக்குப் போனான்.

அவள் இடக்காது பிறவியிலேயே கேட்காது. கல்யாணத்துக்காகப் பிறந்தவீட்டார் மறைத்திருந்தார்கள். இத்தனை நாளும் அவன் கன்னத்துச் சூடு மட்டுமே அவளுக்கு எட்டியிருந்தது.

இன்று வலக்காதில் தோடி முழுதாக விழுந்தது. ஒரு குறையும் இல்லை.