ஆளில்லாத வீட்டில் விளக்கு

கடைக்காரன் மூன்று பெட்டிகளை அவள் முன்னால் வைத்தான்.

கேமரா. கூப்பிட்டால் பதில் சொல்லும் உருண்டை. பல்பு.

“புதுசா ஆரம்பிக்கிறவங்க கேமராதான் மேடம் எடுப்பாங்க. ஓசூர்ல உக்காந்துக்கிட்டே மெட்ராஸ் வீட்டைப் பாக்கலாம்.”

பார்க்கத்தான் வேண்டும் அவளுக்கு.

போன மாதம் அம்மா பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தாள். செய்தி ஓசூருக்கு வர ஆறு மணி நேரம் ஆனது. ரத்தம் குறைவு, வாரத்தில் ஒரு நாளாவது படுத்திருக்கட்டும் என்றார் மருத்துவர். அம்மாவுக்கு வாரம் முழுக்க நாலு வீட்டில் வேலை. ஞாயிறு மட்டும் ஒரு பங்களா. அந்தப் பங்களாவை விட்டுவிடுவதாக அம்மா அவள் தலையில் கை வைத்துச் சொன்னாள்.

கேமராப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அம்மாவை அழைத்தாள்.

“எதுக்கு? போற வீட்டுலல்லாம் தலைக்கு மேல ஒன்னு குந்திகினு பாக்குது. ஒரு வாய் தண்ணி குடிச்சாலும் பாக்குது. நம்ம ஊட்லயும் ஒன்னா? பாக்கணும்னா வந்து பாரு.”

அம்மா போனை வைத்துவிட்டாள்.

வந்து பார். சொல்வது சுலபம்.

பெட்டியைக் கீழே வைத்தாள்.

“பல்பு என்ன செய்யும்?”

“போன்லயே போடலாம், அணைக்கலாம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் மேடம். அதுல யாரையும் பாக்க முடியாது.”

“அதைக் குடுங்க.”

ஆற்றங்கரைக் குடிசைகளைப் பிய்த்து நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்களே, அந்தக் குடியிருப்பில் ஆறாவது பிளாக்தான் அம்மா வீடு. தரைத்தளம். ஜன்னலைத் திறந்தால் ஐந்தாவது பிளாக்கின் சுவர். நடுப்பகலிலும் விளக்கு போட்டால்தான் அரிசியில் கல் தெரியும். அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவனும் இன்ஜினியர்தான். அவளும் இன்ஜினியர்தான். அவள் குடும்பத்தில் முதல் இன்ஜினியர்.

இரண்டு நாள் விடுப்பில் போய் பல்பை மாட்டினாள். பக்கத்து வீட்டு டில்லிபாபு அண்ணன் தன் வைஃபையைக் கொடுத்தார்.

திட்டம் பெரிதாக ஒன்றுமில்லை. அம்மா வேலையிலிருந்து வரும்போது வீடு இருட்டாக இருக்கக் கூடாது. ஓசூரிலிருந்து அவள் போட்டு வைப்பாள். கதவைத் திறந்தால் வெளிச்சம் இருக்கும். யாரோ வீட்டில் இருப்பதுபோல.

ஓசூர் திரும்பிய முதல் நாள் மாலை ஏழு மணிக்குப் போனில் அழுத்தினாள்.

ஆஃப்லைன்.

மறுபடி. ஆஃப்லைன். பல்பின் படம் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது.

“அம்மா, காலைல போகும்போது சுவத்துல இருக்க சுவிட்ச அணைச்சியா?”

“அணைக்காம?”

“அணைக்கக் கூடாதும்மா. அது போட்டே இருந்தாதான் நான் இங்கருந்து போட முடியும்.”

“ஆளில்லாத ஊட்ல சுவிட்ச போட்டுனு போவாங்களாடி? இதான் நீ படிச்ச லட்சணமா?”

“லைட்டு எரியாதும்மா. சுவிட்ச் மட்டும்…”

“சரி சரி. உடு.”

மறுநாள் விடியற்காலை ஐந்து பத்து, அம்மா வேலைக்குக் கிளம்பும் நேரம். ஆஃப்லைன்.

அதற்கு மறுநாளும். முப்பது வருஷம் அடுத்தவர் வீட்டு விளக்குகளை அணைத்துப் பழகிய விரல். அதனிடம் என்ன சொல்லிப் புரியவைப்பது? சொல்வதை விட்டுவிட்டாள்.

எரிச்சலில் செயலியையே நீக்கப் போனபோதுதான் அது நடந்தது. மாலை ஏழு இருபது. அவள் எதையும் தொடவில்லை. செத்துக் கிடந்த படம் தானாக மஞ்சளானது.

அம்மா வந்துவிட்டாள்.

தொழிற்சாலையில் ஷிஃப்ட் நடந்துகொண்டிருந்தது. கழிவறைக்குப் போய்த் தாழிட்டு அந்த மஞ்சளைப் பார்த்தாள். இப்போது செருப்பைக் கழற்றுவாள். இப்போது குடத்தைச் சாய்ப்பாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள்.

பல்பு இதில் எதையும் காட்டவில்லை. மஞ்சள் மட்டும்தான்.

போதவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு எழுந்ததும் போனை எடுத்தாள். அம்மா வீட்டில் இருக்கும் நாள். நாள் முழுக்க மஞ்சளாக இருக்கும்.

சாம்பல்.

டில்லிபாபு அண்ணனை அழைத்தாள். “கரண்டு இல்லையாண்ணே?”

“கீதேம்மா. ஏன்?”

“சும்மாண்ணே.”

பத்து மணி. சாம்பல். ஒரு மணி. சாம்பல். ஊறவைத்த துணி வாளியிலேயே கிடந்தது. நாலு மணி. யாருடைய விருந்துக்கோ அம்மா அந்தப் பங்களாவில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு நாற்பதுக்கு மஞ்சள் வந்தது.

உடனே அழைக்கவில்லை. மூச்சு அடங்கட்டும். யாருடைய மூச்சு என்று அவளுக்கே தெரியவில்லை.

“சாப்டியாம்மா?”

“ஆச்சு. நீ?”

“ஆச்சு. இன்னைக்கு என்ன பண்ண?”

“இன்னா பண்றது? நாள் பூரா படுத்துனு கெடந்தேன். டில்லி பொண்டாட்டி மீன் கொழம்பு குடுத்துச்சு. துன்னுட்டு மறுபடி படுத்தேன். ஒடம்பே ஊறிப் போச்சு, போ.”

வாய்வரை வந்துவிட்டது. பொய் சொல்லாதே, நான் பார்த்தேன்.

பார்த்தேன் என்று சொல்லிவிட்டால் அம்மாவின் தலைக்கு மேல் இன்னொன்று ஏறிக் குந்திவிடும்.



போனைக் காதிலிருந்து எடுத்தாள். அந்த மஞ்சளை ஒரு முறை அழுத்தினாள்.

“ஏ… லைட்டு போச்சுடி. கரண்டு போச்சா…” அம்மாவின் குரல் நின்றது. “ஃபேனு ஓடுதே.”

போனை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

 இருட்டில் ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் ஓசூர்வரை கேட்டது.

“படும்மா.”

அம்மா எழுந்து கை நீட்டினால் சுவிட்ச். ஒரு முறை அணைத்துப் போட்டால் பல்பு மறுபடி எரியும்.

பாயை உதறும் சத்தம் கேட்டது.